டோரிக் லென்ஸ் வைத்துக்கொள்ளலாமா? கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனை ஒன்றில், கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கு அளவெடுப்பதும், எந்த லென்ஸ் வைப்பது என்று அவர்களோடும் குடும்பத்தாரோடும் உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. சிலிண்டர் பவர் உள்ளவர்களிடம், அதையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் என்று சொன்னதும் எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளாக வைத்து, கேட்கும் நேரத்தில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணுக்கு எது பொருந்தும் என்பதை அதைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இது உதவும்.

1. "எனக்குப் புரைன்னுதான் சொன்னாங்க. இப்போ சிலிண்டரும் இருக்குங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?"

இரண்டும் வேறு வேறு. கண்புரை என்பது கண்மணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கையான லென்ஸ் மங்கிப்போவது. சிலிண்டர் என்று கண்ணாடிச் சீட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலத்தின் (கார்னியா), வடிவத்தால் வருவது. பாடப்புத்தகங்கள் இதைச் சிதறல் பார்வை என்கின்றன. கருவிழி ஒரு பந்தின் மேற்பரப்பைப் போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவோடு இருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவியும். குழம்புக் கரண்டியின் முதுகைத் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே வளைவுதான். சாப்பிடும் ஸ்பூனின் முதுகு அப்படியில்லை, அகலவாட்டில் அதிகமாகவும் நீளவாட்டில் குறைவாகவும் வளைந்திருக்கும். கருவிழி அந்த ஸ்பூனைப் போல இருந்தால் ஒளி இரண்டு வேறு தொலைவுகளில் குவிகிறது. எழுத்துகளின் ஓரம் நிழலடிப்பதும், இரவில் தெருவிளக்கின் ஒளி ஒரு பக்கமாக இழுத்தாற்போல் தெரிவதும் இதனால்தான்.

2. "புரையை எடுத்துட்டு லென்ஸ் வெச்சா எல்லாம் தெளிஞ்சிடும்னுதானே சொல்றாங்க? அப்புறம் என்ன சிலிண்டர்?"

சாதாரண லென்ஸ், மங்கிய லென்ஸின் இடத்தில் தெளிவான ஒன்றை வைத்து, கண்ணின் பிளஸ் அல்லது மைனஸ் பவரையும் சரிசெய்கிறது. கருவிழியின் வடிவத்தை அது தொடுவதே இல்லை. எனவே கருவிழியில் 2 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) சிலிண்டர் இருந்தவருக்கு, அறுவை எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், ஏறத்தாழ அந்த 2 டயாப்டர் அப்படியே இருக்கும். வெளிச்சமும் நிறங்களும் பளிச்சென்று திரும்பிவிடும். பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும்.

இது அரிதான நிலை அன்று. புரை அறுவைக்கு வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருவிழியில் 1 டயாப்டரோ அதற்கு மேலோ சிலிண்டர் இருக்கிறது. அரை டயாப்டர் இருப்பதைப் பெரும்பாலோர் உணர்வதே இல்லை. 1 டயாப்டரைத் தாண்டும்போது டோரிக் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. 2 டயாப்டருக்கு மேல் இருந்தால், அதைப் பற்றிச் சொல்லாமல் அறுவைக்கு அனுப்புவது சரியல்ல என்பது என் கருத்து.

3. "டோரிக்னா என்ன? மல்டிஃபோகல்னு சொல்றதும் அதுதானா?"

டோரிக் என்பது தன் பரப்பிலேயே சிலிண்டர் பவர் அமைந்த லென்ஸ். கருவிழியில் உள்ள சிலிண்டருக்கு எதிரான பவரை, அதற்குரிய கோணத்தில், கண்ணுக்குள் வைத்துவிடுவதுதான் இதன் வேலை. கையில் வாங்கிப் பார்த்தால் சாதாரண லென்ஸைப் போலவேதான் இருக்கும்: 6 மி.மீ. அகலமுள்ள, மடிக்கக்கூடிய, ஒளி ஊடுருவும் ஒரு வட்டம். அதைத் தாங்க இரண்டு மெல்லிய கைகள். உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால்தான் வட்டத்தின் எதிரெதிர் ஓரங்களில் சிறுசிறு குறிகள் தெரியும். அந்தக் குறிகள் காட்டும் கோடு, கருவிழியில் அளந்த கோணத்தோடு பொருந்த வேண்டும். சாதாரண லென்ஸுக்குத் திசை கிடையாது, இதற்கு உண்டு. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

மல்டிஃபோகல் வேறு. அது தூரத்தையும் கிட்டத்தையும் கண்ணாடியின்றிப் பார்க்க ஒளியைப் பிரித்துக் கொடுப்பது. டோரிக் சிலிண்டருக்கானது. இரண்டும் சேர்ந்த லென்ஸும் கிடைக்கிறது என்பதால்தான் இந்தக் குழப்பம். கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதை 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி தொடங்கிவைத்தார். டோரிக் லென்ஸ் வருவதற்கு அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஷிமிசுவும் அவரோடு இருந்தவர்களும் முதலில் வைத்தார்கள். இப்போது உள்நாட்டு நிறுவனங்களும் தயாரிக்கின்றன.

4. "டோரிக் வெச்சுட்டா அப்புறம் கண்ணாடியே வேணாம்தானே?"

தூரப் பார்வைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கிட்டப் பார்வைக்குத் தேவைப்படும். சாதாரண டோரிக் லென்ஸ் ஒரே தொலைவுக்கானது; செய்தித்தாள் வாசிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், மாத்திரை அட்டையில் உள்ள சிறிய எழுத்தைப் பார்க்கவும் வாசிப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். இதை அறுவைக்கு முன்பே புரிந்துகொள்ளாதவர்கள்தான் பிறகு மிகவும் வருந்துகிறார்கள். அவர்கள் கண்ணில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எதிர்பார்த்தது வேறாக இருந்திருக்கும்.

சிலிண்டர் முழுவதும் பூஜ்ஜியமாகிவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. அறுவைக்குப் பின் அரை டயாப்டர் அளவில் மீதியிருந்தால் அது நல்ல முடிவுதான்.

5. "என் கண்ணாடிச் சீட்டுலயே சிலிண்டரும் கோணமும் எழுதியிருக்கே. அதை வெச்சே லென்ஸ் போடலாமே, எதுக்குத் திரும்பத் திரும்ப அளக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. கண்ணாடிச் சீட்டில் இருப்பது கண் முழுவதற்குமான கணக்கு. கருவிழியின் சிலிண்டரும் உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸின் சிலிண்டரும் கூடிய தொகை. அறுவையில் அந்த லென்ஸையே எடுத்துவிடுகிறோம். அதன் பங்கும் அதோடு போய்விடுகிறது. எஞ்சுவது கருவிழியின் பங்கு மட்டுமே.

இந்த இரண்டு பங்குகளையும் பிரித்துப் பார்த்தவர் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங். 1801-இல் வெளியான கட்டுரையில் தம் கண்ணிலேயே இருந்த இந்தக் குறையை அவர் விவரித்தார். கண்ணைத் தண்ணீருக்குள் வைத்தால் கருவிழியின் ஒளிவிலக்கும் திறன் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அப்படி வைத்துப் பார்த்த பிறகும் அவருடைய குறை நீங்கவில்லை. ஆகவே தம் சிலிண்டர் கருவிழியில் இல்லை, உள்ளே உள்ள லென்ஸில்தான் இருக்கிறது என்று முடிவுசெய்தார். யங் இன்று புரை அறுவைக்கு வந்து, அவருடைய கண்ணாடிச் சீட்டைப் பார்த்து நாம் டோரிக் வைத்தால், இல்லாத சிலிண்டரைக் கண்ணுக்குள் புதிதாக நட்டுவைத்தவர்களாவோம்.

திரும்பத் திரும்ப அளப்பதற்கு இன்னொரு காரணம், கருவிழியின் மேலுள்ள கண்ணீர்ப் படலம். கண் வறண்டிருந்தாலும், சற்று முன் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டிருந்தாலும், கண் அழுத்தம் பார்க்கக் கருவிழியைத் தொட்டிருந்தாலும் அளவு மாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மாவுக்கு அழுத்தம் பார்த்த பிறகு அளவெடுத்துவிட்டேன். சந்தேகத்தில் மறுநாள் வரச் சொல்லி அளந்தபோது கோணம் 15 டிகிரிக்கு மேல் மாறியிருந்தது. அன்றிலிருந்து இரண்டு கருவிகளின் அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் நான் கையெழுத்திடுவதில்லை. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அளவெடுப்பதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். மென்மையான வகையென்றால் ஒன்றிரண்டு வாரங்கள், கெட்டியான வகையென்றால் மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம்.

6. "எனக்குக் கண்ணாடியில சிலிண்டரே கிடையாது. ஆனா டோரிக் வைக்கணுங்கிறாங்க. காசு பிடுங்கவா?"

முந்தைய பதிலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கருவிழியில் ஒரு பக்கம் சிலிண்டர், இயற்கை லென்ஸில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சிலிண்டர் என்று இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக் கண்ணாடிச் சீட்டில் எதுவும் தெரியாது. லென்ஸை எடுத்ததும் கருவிழியின் சிலிண்டர் வெளிப்படும். எனவே பரிந்துரை சரியானதாக இருக்கக்கூடும்.

ஆனால் சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி, "என் கருவிழியில் எத்தனை டயாப்டர் சிலிண்டர், எந்தக் கோணத்தில் இருக்கிறது, அளவுச் சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்பது. அந்தத் தாளைக் காட்டி விளக்குவது எங்கள் கடமை. "பிரீமியம்", "நம்பர் ஒன்" என்ற சொற்களை வைத்து லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அரை டயாப்டர்கூட இல்லாத கண்ணுக்கு டோரிக் லென்ஸால் எந்த நன்மையும் இல்லை.

7. "என் சிலிண்டர் 2தான்னு சொன்னாங்க. லென்ஸ் அட்டையில 3ன்னு போட்டிருக்கு. மாத்தி வெச்சுட்டாங்களா?"

இல்லை. அட்டையில் இருப்பது லென்ஸ் இருக்கும் இடத்தில் அதன் பவர். லென்ஸ் கருவிழிக்குச் சில மில்லிமீட்டர் பின்னால் உட்கார்வதால், கருவிழியில் உள்ள 2 டயாப்டரை ஈடுகட்ட அங்கே 3 டயாப்டர் தேவைப்படுகிறது. இந்த விகிதம் கண்ணின் நீளத்தைப் பொறுத்துச் சற்று மாறும்.

கணக்கில் இன்னொரு நுணுக்கமும் சேர்ந்திருக்கிறது. கருவிழிக்குப் பின்புறமும் ஒரு பரப்பு உண்டு; அதற்கும் சராசரியாக 0.3 டயாப்டர் அளவில் சிலிண்டர் இருக்கிறது என்பதை அமெரிக்காவில் டக்ளஸ் கோச்சும் அவருடைய குழுவினரும் 2012-இல் எடுத்துக்காட்டினார்கள். முன்பரப்பை மட்டும் அளந்து லென்ஸ் தேர்ந்தெடுத்த காலத்தில் சிலருக்குத் திருத்தம் கூடியும் சிலருக்குக் குறைந்தும் போனதற்கு இது ஒரு காரணம். இப்போது பயன்படும் கணக்கீட்டு முறைகள் பின்பரப்பையும் சேர்த்துக்கொள்கின்றன.

8. "ஆபரேஷனுக்கு முன்னாடி நேரா உக்கார வெச்சு, கண்ணுலயே மையால புள்ளி வெச்சாங்க. பயந்துட்டேன். எதுக்கு அது?"

உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் நிலை, மல்லாந்து படுத்ததும் அப்படியே இருப்பதில்லை. பலருக்கு இரண்டு முதல் நான்கு டிகிரி வரை சுழல்கிறது. சிலருக்கு அதைவிட அதிகம். அளவெடுப்பது உட்கார்ந்த நிலையில், அறுவை நடப்பது படுத்த நிலையில் என்பதால், உட்கார்ந்திருக்கும்போதே கிடைமட்டம் எது என்று கண்ணில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, தலையைச் சாய்க்காமல் நேர் எதிரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, கருவிழியும் வெள்ளை விழியும் சந்திக்கும் விளிம்பில் 3 மணி, 9 மணி இடங்களில் ஊதா மையால் புள்ளி வைப்பார்கள். அந்த ஒரு நிமிடம் நீங்கள் தலையைத் தோள் பக்கம் சாய்த்துவிட்டால் பிறகு எல்லாமே அந்த அளவுக்குச் சாய்ந்துவிடும். எனவே "நேராகப் பாருங்கள்" என்று நாங்கள் மீண்டும் மீண்டும் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மை ஓரிரு நாளில் கரைந்துவிடும். சில மருத்துவமனைகளில் வெள்ளை விழியின் இரத்தக்குழாய்களை முன்கூட்டியே படமெடுத்து, அறுவையின்போது நுண்ணோக்கியில் கோணத்தை ஒளிக்கோடாகக் காட்டும் கருவி இருக்கிறது. அது வசதியானது. கையால் கவனமாகக் குறித்தாலும் நல்ல முடிவு கிடைக்கிறது.

9. "உள்ள வெச்ச லென்ஸ் சுத்திடுமாமே? நான் குனிஞ்சா, தும்முனா என்ன ஆகும்?"

சுழல வாய்ப்பு உண்டு, ஆனால் அது நடப்பதென்றால் பெரும்பாலும் முதல் நாளுக்குள், அதிலும் முதல் சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும். லென்ஸ் உட்காரும் இடம், இயற்கை லென்ஸை மூடியிருந்த மெல்லிய பை. அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்திய பிசுபிசுப்பான திரவம் லென்ஸுக்குப் பின்னால் தங்கிவிட்டால் லென்ஸ் வழுக்கும். அதனால்தான் டோரிக் வைக்கும்போது அந்தத் திரவத்தை லென்ஸின் அடியிலிருந்தும் முழுவதுமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு குறிகளைக் கோட்டோடு பொருத்துகிறார்கள். சில வாரங்களில் பை சுருங்கி லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு குனிவதாலோ தும்முவதாலோ அது நகர்வதில்லை. அதிக மைனஸ் பவர் உள்ள நீளமான கண்களில் பை பெரிதாக இருப்பதால் சுழலும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

எவ்வளவு சுழன்றால் எவ்வளவு இழப்பு என்பதற்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு டிகிரிக்கும் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 சதவீதம் குறையும். கருவிழியில் 3 டயாப்டர் இருந்தவருக்கு லென்ஸ் 5 டிகிரி விலகினால் அரை டயாப்டர் மீதியாகும். அதை அவர் பொருட்படுத்தாமலே இருந்துவிடலாம். 10 டிகிரி விலகினால் 1 டயாப்டர். 30 டிகிரி விலகினால் டோரிக் வைத்ததன் பயன் முழுவதும் போய், சிலிண்டர் வேறொரு கோணத்தில் அதே அளவில் நிற்கும். முதல் நாள் அறுவை முடிந்தவுடன் நீண்ட பயணம் வேண்டாம், கண்ணைக் கசக்க வேண்டாம், ஓய்வெடுங்கள் என்று சொல்வதைக் கடைப்பிடியுங்கள்.

10. "அப்படிச் சுத்திட்டா திரும்பவும் கண்ணைத் திறக்கணுமா?"

பார்வை தெளிவாக இருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தெளிவில்லை என்றால், சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, லென்ஸின் ஓரத்துக் குறிகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று பார்ப்பார்கள். திருப்பி வைக்க வேண்டியிருந்தால், அறுவைக்குப் பின் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் செய்வது ஏற்றது. மிக முன்னதாகச் செய்தால் மீண்டும் சுழலலாம், மிகவும் தாமதித்தால் பை லென்ஸை இறுகப் பற்றியிருக்கும். பழைய வெட்டின் வழியாகவே சில நிமிடங்களில் முடியும் வேலை இது. வேண்டாம் என்பவர்களுக்கு மூக்குக்கண்ணாடி எப்போதும் இருக்கிறது.

11. "கண்ணுல சதை வளர்ந்திருக்கு, சர்க்கரையும் இருக்கு. எனக்கு வைக்கலாமா?"

சதை வளர்ச்சி கருவிழியை இழுத்து அதன் வடிவத்தையே மாற்றும். அதை வைத்துக்கொண்டு அளக்கும் சிலிண்டர் நம்பத்தக்கதன்று. முதலில் சதையை அகற்றி, கருவிழி நிலைபெற்ற பிறகு மீண்டும் அளந்துதான் முடிவுசெய்ய வேண்டும். சதையை எடுத்ததும் சிலிண்டரே குறைந்து, டோரிக் தேவையில்லை என்று ஆனவர்களும் உண்டு. கருவிழியில் தழும்போ, கூம்பு வடிவில் நீளும் நோயோ இருந்தால் வளைவு ஒழுங்கற்றதாக இருக்கும். ஒழுங்கான சிலிண்டரைத்தான் டோரிக் சரிசெய்யும்.

சர்க்கரை நோய் மட்டும் தடையாகாது. ஆனால் சர்க்கரையாலோ, கண் நீர் அழுத்த நோயாலோ விழித்திரையும் நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால், லென்ஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பார்வை அதற்கேற்ப உயராது. அந்தப் பணத்தை விழித்திரைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்.

12. "டோரிக்னு சொல்லிட்டு, தியேட்டர்லேர்ந்து வந்து சாதா லென்ஸ்தான் வெச்சோம்னாங்க. ஏன் அப்படி?"

9-ஆம் பதிலில் சொன்ன பை அறுவையின்போது கிழிந்தாலோ, அதைத் தாங்கும் நுண்ணிழைகள் தளர்ந்திருந்தாலோ, லென்ஸை ஒரு கோணத்தில் நிலையாக நிறுத்த முடியாது. அந்த நிலையில் டோரிக்கை வைக்காமல் விடுவதே சரியான முடிவு. இப்படி நேரலாம் என்பதையும், நேர்ந்தால் லென்ஸுக்கான கூடுதல் தொகை திரும்பக் கிடைக்குமா என்பதையும் அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

13. "எங்க அண்ணனுக்கு முகாம்ல தையல் இல்லாம ஆபரேஷன் செஞ்சாங்க. அதுல சிலிண்டரைச் சரிபண்ண வழியே இல்லையா?"

முகாம்களில் பெரும்பாலும் செய்யப்படும் தையலில்லாத அறுவையில் வெட்டு 6 மி.மீ. அளவில் இருக்கும்; புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஃபேக்கோ முறையில் 3 மி.மீ.-க்கும் குறைவு. எந்த வெட்டும் தான் இருக்கும் திசையில் கருவிழியைச் சற்றுத் தட்டையாக்கும். பெரிய வெட்டு அதிகமாகத் தட்டையாக்கும். வயதானவர்களுக்குக் கருவிழி பெரும்பாலும் கிடைமட்டத்தில்தான் கூடுதலாக வளைந்திருக்கிறது. அவர்களுக்கு மேல்பக்கம் வெட்டினால் சிலிண்டர் கூடும். நெற்றிப்பொட்டுப் பக்கமாக, அதாவது காதை நோக்கிய பக்கத்தில், வெட்டினால் குறையும். வெட்டின் இடத்தை மாற்றுவது மட்டுமே, ஒரு ரூபாயும் கூடுதல் செலவில்லாமல், ஓரளவு சிலிண்டரைக் குறைத்துவிடும். இந்தக் கைத்திறமையை மிகவும் மதிக்கிறேன்.

ஃபேக்கோவிலும் கருவிழியின் ஓரத்தில் கூடுதலாகச் சிறு கீறல்கள் இட்டு 1 டயாப்டர் அளவுக்குக் குறைக்கும் முறை இருக்கிறது. கீறல் ஆறும் விதம் ஆளுக்கு ஆள் மாறுவதால், டோரிக் அளவுக்கு அதைக் கணித்துச் சொல்ல முடியாது.

14. "பின்னாடி சவ்வு வளர்ந்தா லேசர் பண்ணலாமா? ஸ்கேன் எடுக்கலாமா?"

இரண்டும் செய்யலாம். அந்தச் சவ்வைத் திறக்கும் யாக் லேசர் செய்யும் காலத்துக்குள் பை லென்ஸைப் பற்றிக்கொண்டிருக்கும். இந்த லென்ஸ்களில் உலோகம் இல்லாததால் எம்ஆர்ஐ எடுப்பதற்கும் தடையில்லை.

15. "அம்மாவுக்கு 78 வயசு. வெளியில எங்கயும் போறதில்ல. இவ்வளவு பணம் கொடுத்து வைக்கணுமா?"

இதற்கு ஒரே பதில் இல்லை. அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். காலையில் எழுந்ததும் கண்ணாடியை மாட்டி, இரவு படுக்கும்போதுதான் கழற்றுவது அவருக்குப் பழக்கமாக இருந்தால், சாதாரண லென்ஸ் வைத்து, மீதி சிலிண்டரைக் கிட்டப் பார்வையோடு சேர்த்து ஒரே கண்ணாடியில் போட்டுக்கொள்ளலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. கடன் வாங்கி டோரிக் வைக்க வேண்டாம் என்றும் சொல்வேன்.

அதே அம்மா கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பவராகவும், இரவில் இரண்டு முறை எழுந்து முற்றத்துப் படியிறங்கிக் குளியலறைக்குப் போகிறவராகவும், கருவிழியில் 3 டயாப்டர் சிலிண்டர் உள்ளவராகவும் இருந்தால் என் பதில் மாறும். மங்கிய விளக்கில், கண்ணாடியில்லாமல், படியின் விளிம்பு இரண்டாகத் தெரிவது வேறு வகை ஆபத்து. அவர் வெளியில் போவதில்லை என்பது உண்மைதான். வீட்டுக்குள் எத்தனை படி இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிவிட்டு வாருங்கள், அளவுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.